அஷி பார்மாந்தியே: திங்கட்கிழமைச் சாப்பாடு

"ராத்திரி என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று பாரிசில் இருக்கும் மகள் தினமும் போனில் கேட்பாள். "இட்லிம்மா" என்பேன். உண்மையில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு தம்ளர் பாலும்தான். மனைவி காலமான பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் இந்தப் பொய்யிலேயே ஓடியது. என் வயதில் தனியாக இருக்கும் ஆண்கள் பலருக்கு ராத்திரிச் சாப்பாடு இதுதான். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வெளியே சொல்வதில்லை.

நம்மைப் போன்றவர்கள் ஓவனில் வேகும் பண்டம் ஒன்றையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. தாளிப்பதும் கிளறுவதும் ஆளை அடுப்படியிலேயே நிற்க வைக்கும், முழங்கால் ஒத்துக்கொள்ளாது. இதையோ உள்ளே வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரலாம். அரைமணி நேரத்தில் வீட்டில் யாரோ சமைப்பது போல வாசனை வரும். தனி ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பரணில் பெட்டி பிரிக்காமல் கிடந்த ஓவனை இறக்கி நான் முதலில் செய்தது அஷி பார்மாந்தியே. புதுச்சேரியில் எங்கள் பெரியம்மா திங்கட்கிழமை தோறும் செய்வார். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய ஆட்டுக்கறியைப் பொடியாகக் கொத்தி அடியில் பரப்பி, மேலே உருளைக்கிழங்கு மசியல். அப்போது ஓவன் ஏது? கனத்த சட்டியைத் தணலில் வைத்து, மூடியின் மேலும் கொஞ்சம் தணலை அள்ளிப் போடுவார். மேலே சிவந்து முறுகிய பகுதிக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம்.

"வெள்ளைக்காரன் சாப்பாடு நமக்கெதுக்கு?" என்றார் என்னோடு ஆபீசில் இருந்த நண்பர். உருளைக்கிழங்கு பிரான்சுக்கே அந்நியச் சரக்குதான். தின்றால் தொழுநோய் வரும் என்று பயந்தார்கள். 1748இல் பாரிஸ் பார்லமான் அதைப் பயிரிடவே தடை போட்டது. ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் கைதியாக இருந்த அந்துவான் பார்மாந்தியே என்ற ராணுவ மருந்தாளர், சிறையில் அதைத் தின்றே பிழைத்து, ஊர் திரும்பியதும் அதற்காக வாதாடினார். 1772இல் பாரிஸ் மருத்துவப் பீடம் அது உண்ணத் தகுந்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. (பள்ளியில் இவரைப் பற்றி டிக்தே எழுதி, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் இழந்தவன் நான்.)

எங்கள் பெரியம்மா கறியை வதக்கும்போது நம் வடகத்தைக் கிள்ளிப் போடுவார். அதைத்தான் இன்று பிரெஞ்சுச் சமையல்காரர்கள் 'வடுவான்' என்று பெரிதாகப் பேசுகிறார்கள். இதில் யார் சாப்பாடு யாருடையது?

செய்முறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூட்டோடு உரித்துக் கையால் மசிக்க வேண்டும். மிக்சியில் போட்டால் பசையாகிவிடும்; நோட்டீஸ் ஒட்டலாம். காய்ச்சிய பால் சின்னத் தம்ளரில் ஒன்று, ஒரு கரண்டி வெண்ணெய், கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல். 200 கிராம் கறி போதும். குழம்பு வற்றி உலர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மசியலுக்கு மேலே பொங்கி வரும். மேலே முள்கரண்டியால் கோடு இழுங்கள். மேடான இடங்கள்தான் சிவக்கும். காய்ந்த ரொட்டியை உதிர்த்துத் தூவி, 200 டிகிரியில் 25 நிமிஷம். எடுத்ததும் பத்து நிமிஷம் தொடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் பாதிக் கிழங்குக்குப் பதில் காலிஃபிளவர் சேர்த்து மசிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். கறி சாப்பிடாதவர்களுக்குக் காளான்.

சீஸ் அவசியமே இல்லை. கடற்கரைப் பக்கம் சில உணவகங்களில் அதை அப்பி அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் பண்ணிவிடுகிறார்கள். மிச்சக் கறியில் பிறந்த பண்டத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருவனுக்கு இது இரண்டு வேளைக்கு வரும். இரண்டாம் நாள் இன்னும் ருசி. சில சமயம் அந்த நண்பரே வந்துவிடுவார், பிறகு இரண்டாம் நாள் என்ற பேச்சே இல்லை.

போன மாதம் மகளிடம் பழைய இட்லிப் பொய்யை ஒப்புக்கொண்டு, படமும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் அங்கே உறையவைத்த அஷியைப் பெட்டியோடு வாங்கி மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடுகிறாளாம்.

"மேலே முறுகுமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றாள்.