நாளைக்கு என்னும் நோய்

எதையும் நாளைக்கென்று தள்ளிப் போடும் புத்திக்குப் பஞ்சாங்கமும் ஒரு சாக்காய் இருந்து வருகிறது. தினம் 1½ மணி நேரம் ராகுகாலம், 1½ மணி நேரம் எமகண்டம்; ஆக வாரத்திற்கு 21 மணி நேரம். இதல்லாமல் அஷ்டமி, நவமி, கரிநாள் வேறு.

சரி, திங்கட்கிழமை காலை 7½ முதல் 9 வரை ராகுகாலம் என்கின்ற மயிலாப்பூர்வாசி அந்நேரத்தில் காப்பி சாப்பிடாமலோ, ஆபீசுக்குப் புறப்படாமலோ இருக்கிறாரா? சுபகாரியத்திற்கு ஆகாததென்னும் ஆடி மாதத்தில்தானே தியாகராயநகர் ஜவுளிக் கடைகளில் தள்ளுபடிக்குக் கூட்டம் நெரிகின்றது? அப்படியிருக்க, வைத்தியம் பார்ப்பதற்கு மட்டும் நாள் பார்ப்பானேன்?

தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அந்நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். மார்பில் தோன்றும் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்று, “ஆடி போகட்டும், பெண் கல்யாணம் முடியட்டும்” எனத் தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். கட்டி காத்திருக்குமா? ஆரம்பத்தில் கண்டால் குணமாகக் கூடியது, முற்றினால் உயிரைக் கொண்டு போகின்றது.

ஆகவே தோழர்களே! காலையில் எழுந்ததும் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல், இன்று செய்யாவிட்டால் அதிகக் கெடுதி விளைவது எதனால் என்று யோசியுங்கள். அதையே முதலில் செய்யுங்கள். காப்பிக்கு இல்லாத ராகுகாலம் உயிருக்கு எதற்கு?