உயிர் காக்கும் தொழிலாளிக்கு எட்டு மணி நேரம் கிடையாதா?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14-ம் தேதி நாடெங்கும் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள். அதிகாரிகள் சல்யூட் அடிக்கிறார்கள். அதன் பிறகு ஒரு வார காலம் பள்ளிக்கூடங்களிலும் ஆலைகளிலும் தீயை அணைப்பது எப்படி என்று செய்து காட்டுகிறார்கள். இந்தத் தேதி எப்படி வந்தது என்பதைப் பஞ்சாலைத் தொழிலாளி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1944-ம் ஆண்டு அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலில் பஞ்சுப் பேல்கள் புகைய ஆரம்பித்தன. அது யுத்த காலம். அதே கப்பலில் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்தும் இருந்தது. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கியவர்கள் தீயணைப்புத் தொழிலாளர்கள் அல்ல. ஆனால் மத்தியானத்திலிருந்து அந்தக் கப்பலில் நின்று தண்ணீர் பீய்ச்சியவர்கள் அவர்கள்தான். மாலை நாலு மணி சுமாருக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. 66 தீயணைப்புத் தொழிலாளர்கள் மாண்டார்கள். துறைமுகக் கூலிகளும் சுற்றுப்புறத்து ஜனங்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

மாண்டவர்களுக்கு மலர் வைப்பது நியாயமே. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. இன்று உயிரோடு இருந்து அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதே நமது கேள்வி.

தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர்கள் தீ பிடித்தால் மட்டும் கிளம்புகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் கரை சேர்ப்பதும் அவர்கள் வேலைதான். தமிழ்நாட்டில் தீ விபத்துக்கு வரும் அழைப்பைவிட இப்படி மீட்புக்கு வரும் அழைப்பே அதிகம். தூர் வார இறங்கியவன் விஷவாயுவில் சுருண்டு விழுந்தால், அதே கிணற்றில் கயிறு கட்டி இறங்குகிறவனும் அவனே. மூச்சுக்கருவி சரியாக இருந்தால் இருவரும் மேலே வருவார்கள். இல்லாவிட்டால் இரண்டு சவம் வரும்.

பஞ்சாலை குடோனில் தீப்பிடித்ததைப் பார்த்த தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வண்டியில் வருவது நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர். அது பேலின் மேல்பக்கத்தை நனைத்துவிட்டு ஓடிவிடும். உள்ளே தீ உறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பேலாக வெளியே இழுத்து, பட்டையை அறுத்து, பிரித்து நனைத்தால்தான் தீ சாகும். இரவும் பகலும் அந்தப் புகையில் நிற்க வேண்டும். மில் முதலாளிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிடும். புகை தின்ற நெஞ்சுக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

இந்த வேலைக்கு அவர்கள் நிலையத்தில் ஒரே மூச்சாக இருபத்து நாலு மணி நேரம் தயாராக இருக்கும் முறைதான் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. மணி அடித்த நிமிஷத்தில் சோற்றை விட்டு எழுந்து ஓட வேண்டும். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயை அணைக்கப் போன இடத்தில் காஸ் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். 2020 நவம்பர் 14, தீபாவளி நாள். ஊரே எண்ணெய்க் குளியலுக்கு எழும் வேளையில் மதுரையில் ஒரு துணிக்கடைக் கட்டிடம் எரிந்தது. பழைய சுவர் இடிந்து இரண்டு பேர் அதில் மாண்டார்கள். வெளியில் நின்று சுவரின் பலத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். அந்த வேலையில் அப்படி நிற்க முடியாது.

இனி 108-க்கு வருவோம்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த இந்த இலவச ஆம்புலன்ஸ் இன்று 1,300-க்கும் அதிகமான வண்டிகளோடு ஓடுகிறது. இது நல்ல காரியம். வயலில் பாம்பு கடித்தவனுக்கும், நடுராத்திரியில் இடுப்பு வலி கண்ட விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் முன்பெல்லாம் கட்டிலும் மாட்டு வண்டியுமே கதியாக இருந்தன. காசுள்ளவன் தன் காரில் போய்விடுவான். 108 ஏழையின் வண்டி. அதனால்தான் அதில் வேலை செய்கிறவர்களின் கஷ்டம் நமது கஷ்டமாகிறது.

வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் மருத்துவ உதவியாளர். உதவியாளர்களில் பெண்களும் கணிசமாக இருக்கிறார்கள். குலுங்குகிற வண்டிக்குள் பிரசவம் பார்த்து, தொப்புள்கொடியை வெட்டி, தாயையும் சேயையும் ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைக்கிறவர்கள் இவர்கள். ஒரு கேஸ் முடிந்ததும் ரத்தத்தையும் வாந்தியையும் கழுவுகிறவர்களும் இவர்களேதான். இவர்களின் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். அதுவும் காகிதத்தில். ஷிப்டு முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சென்னையிலிருந்து அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் கேஸ் என்றால் போய்த் திரும்ப நாலு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்து ஸ்ட்ரெச்சர் திரும்பக் கைக்கு வரும்வரை அங்கேயே காத்து நிற்க வேண்டும்.

அழைப்பு இல்லாத நேரத்தில் வண்டி எங்கே நிற்கிறது? போய்ப் பாருங்கள். புளியமரத்தடியில், பெட்ரோல் பங்க் ஓரத்தில், போலீஸ் நிலையத்துக்கு எதிரில் நிற்கும். பல இடங்களில் உட்கார ஒரு கொட்டகை கிடையாது. குடிக்கத் தண்ணீர் இல்லை. கக்கூஸ் இல்லை. சித்திரை வெயிலில் தகர வண்டிக்குள் பன்னிரண்டு மணி நேரம் ஒரு பெண் தொழிலாளி எப்படி இருக்கிறாள் என்று மந்திரிமார்கள் யோசித்ததுண்டா? தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று தாகத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறாள்.

பணம் சர்க்கார் பணம். வண்டி சர்க்கார் வண்டி. நடத்துவது மட்டும் தனியார் நிர்வாகம். தொழிலாளி தன் குறையை நிர்வாகத்திடம் சொன்னால் சர்க்காரைக் காட்டுகிறார்கள். சர்க்காரிடம் போனால் நிர்வாகத்தைக் கேள் என்கிறார்கள். சங்கத்தில் முன்னால் நிற்பவனைத் தூர ஜில்லாவுக்கு மாற்றிவிடுகிறார்கள் என்பது இவர்களின் நெடுநாள் புகார். 2018 தீபாவளிக்கு முன் வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்தபோது, உயிர்காக்கும் சேவை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அத்தனை அவசியமான வேலை என்பது உண்மையானால், அதைச் செய்கிறவனுக்கு அவசியமானதை முதலில் கொடுக்க வேண்டாமா?

"இது சேவை ஐயா, கூலிக் கணக்குப் பார்க்கலாமா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் இவர்களுக்காகக் கைதட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். மே மாதம் விமானப் படை ஹெலிகாப்டர்களிலிருந்து ஆஸ்பத்திரிகள் மீது பூவே தூவினார்கள். அடுத்த வருஷம், 2021 மே மாதம், சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை இல்லை. வண்டிக்குள் மூச்சுத் திணறுகிற நோயாளி, பக்கத்தில் பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்வையில் நனைந்த தொழிலாளி. அன்று தூவிய பூவை இன்று எந்தக் கடையில் கொடுத்து அரிசி வாங்குவது?

இந்த இடத்தில் ஆலைத் தொழிலாளிகளுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். 2023 ஏப்ரல் 21-ல் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாகக் கிளம்பின. மூன்றே நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். நாம் அடித்து விரட்டிய அந்தப் பன்னிரண்டு மணி நேரம் 108 வண்டியில் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. இறங்கவே இல்லை. பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று 1961-லேயே பாராளுமன்றம் சட்டம் செய்தது. நெல் மூட்டை ஏற்றிய லாரியை ஓட்டுகிறவனுக்குத் தூக்கக் கலக்கம் ஆபத்து என்றால், நெஞ்சுவலிக்காரனை ஏற்றிக்கொண்டு பறக்கிறவனுக்கு ஆபத்து இல்லையா? பதினோராவது மணி நேரத்தில் ஸ்டியரிங் பிடித்திருக்கும் கையை நம்பித்தான் நம் பெண்டு பிள்ளைகள் உள்ளே படுத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் செய்யும் தவறையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. வண்டி தாமதமாக வந்தால் வருகிற தொழிலாளியின் சட்டையைப் பிடிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் துறையூரில் ஒரு அரசியல் கூட்டத்துக்கு நடுவே போன 108 ஊழியர்களை மடக்கித் தாக்கினார்கள். தீயணைப்பு வண்டி வரும்போது குடிசை சாம்பலாகிவிட்டது என்று கல்லெறிந்த ஊர்களும் உண்டு. நிலையம் இருபது மைலுக்கு அப்பால் இருந்தால் எரிகிற கூரை காத்திருக்குமா? நிலையம் வைக்காதது யார், வண்டியைக் குறைத்தது யார் என்று கேட்க வேண்டிய கோபத்தை, ஓடி வந்தவன் மேல் காட்டுவது எந்த நியாயம்?

மூன்று ஷிப்டு, எட்டு மணி நேரம். இதில் பேரத்துக்கு இடமில்லை. ஆள் போதாது என்பார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் ஊர் ஊராக இளைஞர்கள் அலைகிறார்கள், எடுத்துக்கொள்ளட்டும். 108-ஐ சர்க்கார் நேரடியாக ஏற்று நடத்த வேண்டும். கிணற்றில் இறங்குகிறவனுக்கும் புகைக்குள் போகிறவனுக்கும் ஆளுக்கொரு மூச்சுக்கருவி தர வேண்டும். சங்கம் வைத்ததற்காக ஊர் மாற்றுவதை நிறுத்த வேண்டும்.

இவையெல்லாம் கோட்டையில் முடிவாக வேண்டியவை. அதற்காக ஆலை வாயில் கூட்டங்களில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஆனால் 108 வண்டி நிற்கும் இடத்தில் ஒரு கொட்டகையும் குடிதண்ணீரும் கக்கூசும் உங்கள் பஞ்சாயத்தே செய்யக்கூடியது. மே முதல் தேதி கிராம சபை கூடுகிறது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் அதற்கு முன் அந்த வண்டிக்காரர்களிடம் ஒருமுறை பேசிவிட்டு, சபையில் இதை எழுப்ப வேண்டும்.