எஜமானின் குரல் எட்டாத இடம்

எங்கள் தோட்டத்துக் கொட்டகைக்கு அடியில் ஒரு நரிப்பொந்து இருக்கிறது. லண்டனின் தெற்குப் புறநகர்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. ராத்திரி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தது பூனையா நரியா என்று காலையில் பக்கத்து வீட்டாரோடு விவாதிப்பது இங்கே வாடிக்கை. நரி காலி செய்துகொண்டு போய் ஆறு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சுக்கு அதற்குள் நுழைந்துவிட்டான்.

சுக்கு எங்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியர். ஆறு கிலோ. உடம்பெல்லாம் வெள்ளை, இடது கண்ணைச் சுற்றி மட்டும் சுக்கு நிறம். பெயர் மகள் வைத்தது.

ஈரப் புல்லில் மண்டியிட்டு, கன்னம் மண்ணில் படக் குனிந்து, “சுக்கு, வாடா” என்று பதினோரு முறை கூப்பிட்டேன். பதிலுக்கு மண்ணுக்கடியிலிருந்து குரைப்புதான் வந்தது. அரை மணி கழித்து, மூக்கெல்லாம் மண்ணாக அவனே வெளியே வந்தான். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிற ஆள் மாதிரி நேரே தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனான்.

“காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்களேன்” என்றாள் மனைவி. அவள் பயத்தில் நியாயம் இருந்தது. வெள்ளை நிறம் தூக்கலாக உள்ள நாய் இனங்களில் பிறவிச் செவிடு கொஞ்சம் கூடுதல். ஜாக் ரஸ்ஸலும் அந்த வரிசையில் உண்டு.

மருத்துவர் அம்மா சுக்கை மேஜைமேல் நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட் உறையை லேசாகக் கசக்கினார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சுக்கு பம்பரமாகச் சுழன்று திரும்பினான். இன்னொரு முறை, கதவுக்கு வெளியே போய்க் கசக்கினார். இரண்டு காதும் கதவுப் பக்கம் நிமிர்ந்தன. “ஒரு காது மட்டும் மந்தமா என்று உறுதியாகத் தெரிய மின்முனை பொருத்திச் சோதிக்க வேண்டும். ஆனால் இவன் விஷயத்தில் கோளாறு காதில் இல்லை. உங்கள் குரல் பிஸ்கட் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்” என்றார்.

அவமானமாகத்தான் இருந்தது. பிறகு இந்த இனத்தின் கதையைப் புரட்டிப் பார்த்ததில் கோபம் போய்விட்டது.

1819இல் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல், செல்லமாக ஜாக், என்ற இளைஞர், ஒரு பால்காரரிடம் வெள்ளை டெரியர் பெட்டை ஒன்றைக் கண்டு அங்கேயே விலை பேசி வாங்கினார். அதன் பெயர் டிரம்ப். ரஸ்ஸல் பின்னால் டெவன் பகுதியில் சுவிம்பிரிட்ஜ் ஊரின் பாதிரியார் ஆனார். பிரசங்கத்தைவிட நரி வேட்டையில் பேர் வாங்கிய பாதிரியார். அவர் வளர்த்த வம்சம்தான் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டெரியர் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் நிலத்தைக் குறிக்கும் ‘டெர்ரா’. நிலத்துக்குள் இறங்குகிற நாய். பெரிய வேட்டை நாய்கள் துரத்த, நரி பொந்துக்குள் ஒளியும். அதை வெளியே கிளப்புவது டெரியரின் வேலை. அதனால் மார்பு ஒடுங்கி இருக்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பது இன்றும் இந்த இனத்துக்கு அளவுகோல். நரியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வெள்ளை நிறம். மேலே நிற்பவர்களுக்கு இடம் தெரிவதற்குக் குரைப்பு. தோண்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பூமிக்கடியில், இருட்டில், எதிரே நரி. அங்கே எஜமானின் குரல் எட்டாது. என்ன செய்வது என்று நாயே முடிவெடுத்தாக வேண்டும். அப்படிச் சொந்தமாக முடிவெடுக்கிற நாயாகப் பார்த்துப் பார்த்து இருநூறு வருஷம் வளர்த்துவிட்டு, இப்போது சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொன்ன பேச்சு கேட்கவில்லை என்கிறோம்.

எஜமானின் குரல், அதாவது ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ என்றதும் உங்களுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்திருக்கும். எங்கள் கும்பகோணம் வீட்டில் எம்.எஸ். பாடிய சுப்ரபாதத் தட்டு சுழலும்போது, குழாய்முன் தலை சாய்த்து உட்கார்ந்த அந்த எச்.எம்.வி. நாயும் கூடவே சுழலும். கீழ்ப்படிதலுக்கே உருவம் கொடுத்தது மாதிரி இருக்கும். அதன் பெயர் நிப்பர். 1884இல் பிரிஸ்டலில் பிறந்தது. ஜாக் ரஸ்ஸல் என்பார்கள், ஃபாக்ஸ் டெரியர் என்பார்கள், கலப்பு என்பார்கள். ஓடியது டெரியர் ரத்தம். வீட்டுக்கு வருகிறவர்களின் கெண்டைக்காலைக் கவ்வியதால்தான் அந்தப் பெயரே. எலி பிடிப்பதில் கெட்டி. 1895இல் அது இறந்த பிறகு, ஓவியர் பிரான்சிஸ் பரோ நினைவிலிருந்து எழுப்பி வரைந்த படத்தை, 1899இல் கிராமபோன் கம்பெனி நூறு பவுனுக்கு வாங்கியது. உலகத்தின் மிகப் பணிவான நாய் என்று நாம் நம்பியது காலைக் கடிக்கும் ஒரு போக்கிரியை!

இப்போது சுக்கோடு எனக்கு ஓர் ஒப்பந்தம். தோட்டத்து மூலையில் ஒரு மணல் தொட்டி. அதில் பொம்மையைப் புதைத்து வைப்பேன், அவன் தோண்டி எடுப்பான். வெந்தயக்கீரைப் பாத்தி பிழைத்தது. நடை தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் அவனை உண்மையில் களைப்பாக்குவது மூக்கு வேலைதான். வீட்டில் ஒளித்து வைத்த தீனியைப் பத்து நிமிஷம் மோப்பம் பிடித்துத் தேடினால், பிறகு ஒரு மணி நேரம் தூக்கம். பயிற்சி ஐந்து நிமிஷம், ஆறாவது நிமிஷம் அவன் எழுந்து போய்விடுவான். மயிர் குட்டைதான், ஆனால் கறுப்பு பேன்ட் போட முடியாது. வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ், தினமும் பல் தேய்ப்பு. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு தாவு தாவினால் முட்டிச்சில்லு விலகியிருக்கலாம். கண் கலங்கிச் சிவந்தால் லென்ஸ் நழுவியிருக்கலாம். இரண்டும் இந்த இனத்துக்கு வருபவை, கண் விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நம் சமையலறைக்கென்று ஓர் எச்சரிக்கை: கேசரியில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். பாசத்தில் ஒரு வாய் ஊட்டுகிற பாட்டிகள் கவனிக்கவும்.

நிப்பரைப் புதைத்த இடம் எங்களுக்குப் பக்கம்தான், கிங்ஸ்டன் கடைத்தெருவில். அந்த நிலத்தில் பின்னாளில் ஒரு வங்கிக் கட்டடம் எழும்பியது. அருகில் ஒரு சந்துக்கு நிப்பர் பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று சுக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். கதையெல்லாம் சொல்லலாம் என்றிருந்தேன். அவனோ சந்து முனையில் சாக்கடை மூடியைப் பார்த்துவிட்டான். கம்பி இடுக்கில் மூக்கு, வால் விறைப்பாக, முன்னங்கால் சிமென்டைப் பிறாண்டுகிறது.

“சுக்கு” என்றேன், ஒரே ஒரு முறை.

மூக்கு அசையவில்லை. இடது காது மட்டும் மெல்ல என் பக்கம் திரும்பி, மறுபடி சாக்கடைப் பக்கம் போனது. கேட்டுவிட்டான். எனக்கு அது போதும் என்று, வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.