நவராத்திரி மண்டபத்துக்கு ஒரு நரம்புத் தந்தி வயலின்

திருவிதாங்கூரின் தலைநகரம் நம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்த 1795-ஆம் ஆண்டிலேதான், ஜோசப் ஹைடன் பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று வாத்தியங்களுக்கு இயற்றியதும் பிற்காலத்து ரசிகர்கள் ‘ஜிப்ஸி ரோண்டோ’ என்று பிரியமாக அழைப்பதுமான படைப்பு லண்டனில் அச்சேறியது என்பதும், அதே ஆண்டில் வியன்னாவில் இளைஞராகிய பீத்தோவன் அதே மூன்று வாத்தியங்களுக்கு எழுதிய மூன்று படைப்புகளைத் தமது முதலாவது வெளியீடாக எண்ணிட்டு உலகுக்குத் தந்தார் என்பதும், திருவாரூரில் பிறந்த நம் சங்கீத மும்மூர்த்திகள் அப்போது வாலிபப் பிராயத்தில் இருந்தார்கள் என்பதும் தனித்தனியே பலரும் அறிந்த செய்திகளே. அவற்றைச் சேர்த்து வைத்து நினைக்கும் வழக்கந்தான் நம்மிடம் ஏற்படவில்லை. சியாமா சாஸ்திரியாரும் பீத்தோவனும் 1827-ஆம் ஆண்டில் சில வாரங்கள் முன்பின்னாக மறைந்தவர்கள். ஒரே காலத்தின் இரண்டு மகா சங்கீதங்களில் ஒன்றை அது பிறந்த நாளின் நாதத்தோடு இன்று நாம் கேட்க முடிகிறது. மற்றொன்றை, நம்முடையதை, அவ்வாறு கேட்க முடியவில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதும், மாற்றுவது நம்மால் ஆகக்கூடிய காரியமே என்பதும் என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்துச் சங்கீதத்தை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே, அல்லது அவற்றைப் பார்த்து அளவு பிசகாமல் செய்த புதிய வாத்தியங்களில், வாசித்துப் பதிவு செய்யும் முயற்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. 1953-இல் வியன்னாவில் நிகோலாஸ் ஹார்னோன்கூர் தம் மனைவியோடும் நண்பர்களோடும் தொடங்கிய குழு இதில் முன்னோடிகளுள் ஒன்று. 1969-இல் அமெரிக்காவில் மால்கம் பில்சன், மொஸார்ட் காலத்துப் பியானோவின் பிரதி ஒன்றைத் தமதாக்கிக்கொண்டு, பின்னர் 1980-களில் ஜான் எலியட் கார்டினரின் குழுவோடு மொஸார்ட்டின் பியானோ கன்சர்ட்டோக்களைப் பதிவு செய்தார். பால் படூரா-ஸ்கோடா தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பழைய பியானோக்களிலேயே பீத்தோவனின் 32 சோனாட்டாக்களையும் வாசித்து வைத்துவிட்டுப் போனார். ஹைடனின் நால்வர் இசையை ‘மொசாயிக்’ குழுவினர் நரம்புத் தந்திகளில் வாசித்த தட்டுகளோ, என் வீட்டு அலமாரியில் கைக்கு எட்டும் தட்டிலேயே எப்போதும் இருப்பவை. முதல் தலைமுறைப் பதிவுகள் சிலவற்றில் சுருதி கரடுமுரடாக இருக்கும். வாசிப்பவர் வாத்தியத்தோடு போராடுவது காதுக்குத் தெரியும். 1980-களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த வாத்தியமே தாய்மொழிபோல் ஆகிவிட்டது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் இந்தப் பிற்காலத்துப் பதிவுகளிலிருந்து தொடங்குவதே உசிதம்; ஹைடனின் 20-ஆம் வெளியீட்டு எண் கொண்ட நால்வர் இசையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டங்களுக்கும் வீரபுலி வனத்துக்கும் நடுவே வாழ்ந்துகொண்டு இவற்றைச் சேர்ப்பது சுலபமன்று. இடவப்பாதியும் ஐப்பசி அடைமழையும் இரண்டுமே இங்கே முழுதாகப் பெய்யும். இசைத்தட்டின் உறையில் ஒரு மாதத்தில் பூசணம் படர்ந்துவிடும். வெயில் காணும் நாளில் பால்வெட்டு முடிந்து தோட்டம் ஓய்ந்த நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து நிழலில் ஆறவைக்க வேண்டும். அயல்நாட்டுச் சங்கீதத்துக்கு, அதிலும் அதன் பழைய வாத்தியங்களுக்கு, இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்பவர்களுக்கு, வாதம் செய்வதைக் காட்டிலும் இரண்டு இடங்களைப் போட்டுக் காட்டுவதே என் வழக்கம்.

முதலாவது, மேலே சொன்ன ஹைடனின் ‘ஜிப்ஸி ரோண்டோ’ப் படைப்பு. இதில் செல்லோவின் பகுதியைத் தாளில் பார்த்தால், பியானோ வாசிப்பவரின் இடது கை எதை வாசிக்கிறதோ அதையே பெரும்பாலும் அதுவும் வாசிப்பது தெரியும். இன்றைய பெரிய பியானோவோடு இதைக் கேட்கும்போது, அந்தச் செல்லோக்காரர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்ற ஐயம் எழுவது இயல்பு. பியானோவின் மந்தர ஸ்தாயியே கூடத்தை நிரப்பிவிடுகிறது. ஹைடன் காலத்துப் பியானோவிலோ மந்தர ஸ்வரம் தெளிவாகத் தொடங்கி விரைவிலேயே தேய்ந்துவிடும்; அது தேயும் இடத்தில் அதே ஸ்வரத்தைச் செல்லோவின் வில் தாங்கிப் பிடித்து நீட்டிக்கொடுக்கிறது. ஒன்று தொடக்கத்தைத் தருகிறது, மற்றொன்று நீளத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தே ஒரு குரல். பெரிய பியானோவில் வீணாகத் தோன்றிய இரட்டிப்பு, பழைய பியானோவில் நுட்பமான கணக்காகிவிடுகிறது.

இரண்டாவது, ‘நிலவொளி’ என்று உலகம் பெயரிட்டுவிட்ட பீத்தோவனின் சோனாட்டா. அதன் முதற் பகுதி முழுவதையும், தந்திகளின் அதிர்வை அடக்கும் பட்டைகளை விலக்கியபடியே வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஆகையால் வித்வான்கள் அந்தக் கட்டளையைத் தந்திரமாகத் தளர்த்தியே வாசிக்கிறார்கள். 1800-ஐ ஒட்டிய வியன்னாப் பியானோவில் அது குழம்புவதில்லை. முந்திய ஸ்வரக்கூட்டத்தின் சாயல் மட்டும் மெல்லியதாக நிற்க, அடுத்தது அதன்மேல் தெளிவாக எழுகிறது. எழுதியவர் காதில் என்ன கேட்டதோ அதுவே நம் காதிலும் விழுகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வாத்தியத்தின் உடம்பு. மொஸார்ட் வைத்திருந்ததும் இன்று சால்ஸ்பர்க்கில் பாதுகாக்கப்படுவதுமான ஆன்டன் வால்டரின் பியானோவில் இரும்புச் சட்டம் கிடையாது. முழுவதும் மரம், ஐந்து ஸ்தாயிகள், சிறிய சுத்தியல்களின்மேல் மெல்லிய தோல். 1785-இல் மகனைப் பார்க்க வியன்னா போயிருந்த லியோபோல்ட் மொஸார்ட், தாம் வந்த பிறகு மட்டும் அந்தப் பியானோவைப் பன்னிரண்டு தடவையாவது அரங்குக்கும் பிரபுக்களின் வீடுகளுக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்று கச்சேரி மேடையில் நிற்கும் பியானோவோ ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ளது. தந்திகளின் இழுவிசை மொத்தம் 20 டன் அளவில் இருக்கும் என்பார்கள். அதைத் தாங்குவதற்கு வார்ப்பிரும்பு, அடிப்பதற்குக் கம்பளிச் சுத்தியல். ஆயிரக்கணக்கானோர் அமரும் மண்டபங்களுக்காக அது அவ்வாறு வளர்ந்தது. அந்த வளர்ச்சியை நான் குறைகூறவில்லை. ஆனால் ஓர் அறையில் இருபது பேர் கேட்பதற்கென்று எழுதப்பட்ட சங்கீதத்தை அந்த ராட்சச பலத்தில் ஏற்றும்போது, வயலின்காரர் தம் குரலை உயர்த்த வேண்டியதாகிறது, செல்லோ மறைகிறது, சம்பாஷணை பிரசங்கமாகிவிடுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர், மணலி சின்னசாமி முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்; பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் வயலினை நிலைநிறுத்தி, 1834-இல் அவரிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். அவர்கள் கையில் இருந்த வயலினில் கட்டியிருந்தது, அந்நாளைய ஐரோப்பா முழுவதும் வழங்கிய, ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நரம்புத் தந்தி. எஃகுத் தந்தி இருபதாம் நூற்றாண்டில் பரவியது. இன்று நம் வித்வான்கள் ஏறக்குறைய எல்லோருமே எஃகில்தான் வாசிக்கிறார்கள். ஆகவே ‘மொசாயிக்’ குழுவினரின் ஹைடனைக் கேட்கும் தமிழர், பாலுசுவாமி தீட்சிதர் முதன்முதலில் கையில் வாங்கிய வயலினின் குரலுக்கு மிக நெருங்கிய குரலைக் கேட்கிறார். அது எஃகின் குரலைவிடச் சற்றுக் கம்மியது; வில் தொடும் கணத்தில் மனிதத் தொண்டையின் சிறு கரகரப்பு அதில் உண்டு; கமகத்துக்கு அது எப்படி வளைந்து கொடுத்திருக்கும் என்று நினைக்கும்போதே எனக்கு ஆவல் மேலிடுகிறது. அந்த நாதத்தில் ஒரு தோடியையோ பைரவியையோ ஒரே ஒரு தட்டில்கூட நான் இதுவரை கண்டதில்லை.

நாகஸ்வரத்திலும் இதே கதை. உச்ச சுருதியில் ஒலித்த திமிரி நாகஸ்வரமே கோயில் வீதிகளை ஆண்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் விருப்பத்துக்கிணங்க நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி உருவாக்கிய பாரி நாகஸ்வரம், தணிந்த சுருதியும் கனத்த நாதமும் கொண்டு, திமிரியை ஒதுக்கிவிட்டது. பாரி இல்லாமல் பிள்ளையின் தோடி இல்லை. அந்த லாபத்தை ஒருவரும் மறுக்க முடியாது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டைப் பட்டறைகள் ஆச்சா மரத்தில் இன்றும் நாகஸ்வரம் கடைகின்றன. ஆனால் அந்தப் பட்டறைகளிலேயே ஒரு திமிரியைச் செய்யச் சொல்லி, தேர்ச்சி பெற்ற ஒரு வித்வானை அதில் ஆறு மாதம் பழகச் செய்து, மல்லாரியையும் ரக்தியையும் நன்றாகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று எந்தச் சபையாவது தீர்மானித்ததுண்டா?

பழைய நாதத்துக்கு நம்மிடம் எஞ்சிய சாட்சி, 78 சுற்று இசைத்தட்டுகளே. கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினர் முதலில் விற்ற தட்டுகள் கெட்டியாக்கிய ரப்பரால் ஆனவை என்பதும், பிறகுதான் அவர் நம் நாட்டு அரக்குக்கு மாறினார் என்பதும் ரப்பர் சூழ்ந்த ஊரில் வாழும் எனக்குத் தனி நெருக்கத்தைத் தரும் செய்திகள். வீணை தனம்மாள் 1932-இல் தந்த சில தட்டுகளில், மைக் வீணையின்மேல் ஒட்டிக்கொள்ளாத காலத்தின் நாதம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் கூடியவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்கள் என்பதற்குக் காரணம், அவரது மேதையோடு, அந்த வாத்தியத்தின் இயல்பான மென்மையுமாகும். கிராமபோன் தட்டுகள் பழைய வீடுகளின் மச்சில் உடைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சேர்ப்பவரையும் மின்வடிவில் மாற்றுபவரையும் சமூகம் பொழுதுபோக்குக்காரராகவே கருதுகிறது. அவர்கள் ஆவணக் காப்பாளர்கள். அதற்குரிய மரியாதையும் உதவியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

வாத்தியம் பழையதானாலும் கேட்கும் காது இன்றையதுதானே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. உண்மையே. சினிமாவும் ஒலிபெருக்கியும் கேட்டு வளர்ந்த காதை 1795-க்குத் திருப்ப முடியாது. ஆயினும், ஹைடனின் செல்லோ ஏன் அங்கே இருக்கிறது என்பது பழைய வாத்தியத்தைக் கேட்ட பிறகே விளங்கியது போல, முத்துசுவாமி தீட்சிதரின் சௌக்க காலக் கிருதிகள் ஏன் அத்தனை நீண்ட கார்வைகளோடு அமைந்தன, எந்த வாத்தியத்தின் ஒலி எத்தனை நேரம் நிற்கும் என்று நினைத்து அமைந்தன என்பவற்றைப் பழைய அமைப்பிலுள்ள வீணையும் நரம்பு வயலினும் நமக்குச் சொல்லக்கூடும். தந்திக்குக் குடல் நரம்பா என்று முகம் சுளிப்பவர்கள், தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பத்மநாபபுரத்தில் தொடங்கலாம் என்பேன். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதன் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் இங்கிருந்து சரஸ்வதி தேவி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்தநங்கையும் உடன்வரத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள, அங்கே ஒன்பது இரவுகளும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள் முறைப்படி பாடப்படுகின்றன. தேவி புறப்படும் பத்மநாபபுரத்திலேயே ஒரு நவராத்திரி மண்டபம் இருக்கிறது: கல் தூண்கள், கண்ணாடிபோல் மெருகேறிய கருந்தரை, ஒலிபெருக்கி வேண்டாத அளவு. ஐரோப்பியர் அறைச் சங்கீதம் என்று எதைச் சொன்னார்களோ, அதற்கு நம் நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

அந்த மண்டபத்தில், அரண்மனை பார்வையாளருக்கு மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில், ஒரு குரல், நரம்புத் தந்தி பூட்டிய ஒரு வயலின், மைக் ஒட்டாத வீணை, மின்சாரமில்லாத தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றோடு அந்த ஒன்பது கிருதிகளையும் பதிவு செய்ய வேண்டும். திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியும், சென்னை இசைப் பல்கலைக்கழகமும், ஆகாசவாணியின் நாகர்கோவில் நிலையமும் கைகோத்தால் இது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. நரம்புத் தந்திகளை ஐரோப்பாவில் இன்றும் திரித்து விற்கிறார்கள். அங்கே இவ்வகை வாத்தியம் வாசிப்போருக்காக அது உயிருள்ள தொழிலாகவே நடக்கிறது. கடினமான பகுதி வித்வானுடையது. எஃகுக்குப் பழகிய விரலும் வில்லும் நரம்பில் வேறுவிதமாக நடந்துகொள்ள வேண்டும். ஈரக் காற்றில் தந்தியின் சுருதி நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டே இருக்கும். குமரி மாவட்டத்து மழையில் அதைக் கட்டிக் காப்பது தனிப் பயிற்சி. ஆகையால் பதிவுக்கு ஓராண்டு முன்னதாகவே வயலினை வித்வானின் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஓராண்டு ஜீவனத்துக்கு வேண்டியதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.