ஏறிவரும் பொட்டலம்

எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிச் சோளக்காட்டை எட்டுகின்றவரையில் வளைந்து வளைந்து ஏறுகிறது கொல்லிமலைச் சாலை. அந்த எழுபதையும் கடந்து இப்போது நாள்தோறும் ஒரு விருந்தாளி வருகிறான். அட்டைப் பெட்டிக்குள் அடங்கி, பசைநாடாவால் இறுகக் கட்டுண்டு, செம்மேட்டில் வந்து இறங்குகிறான். செருப்பு வருகிறது, சேலை வருகிறது, சீப்பு வருகிறது, ஏன், சாமை பிஸ்கோத்தும் வருகிறது! சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலைக்கு, பளபளக்கும் உறையிலே பன்மடங்கு விலையிலே சாமை பிஸ்கோத்து வருகிறது, தோழர்களே!

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் என்னால் முடியவில்லை. இந்த மலையிலே பிறந்தவன் நான். கீழே சென்று கல்லூரியில் கலைப்பட்டம் பெற்று, மறுபடியும் இங்கேயே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருப்பவன். பொட்டலம் சுமந்து வரும் இளைஞன் என்னிடம் படித்தவன். மலையேறும்போது வண்டி நிறைய வருகிறாயே, இறங்கும்போது எதைக் கொண்டு போகிறாய் என்று ஒருநாள் அவனைக் கேட்டேன். “வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவற்றைக் கொண்டு போகிறேன், ஐயா” என்றான். வேடிக்கைக்காகச் சொன்னானோ, விவரமாகத்தான் சொன்னானோ, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கடைவீதிகள் தேய்கின்றன என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. நகரின் நடுவே நான்கு தலைமுறையாக நடந்துவந்த துணிக்கடை மூடப்பட்டது, பாத்திரக்கடை பாதியாகச் சுருங்கிற்று, புத்தகக்கடை இருந்த இடத்தில் வேறேதோ வந்துவிட்டது என்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுவோரில் இருவகையினரைக் காண்கிறேன். ஒரு சாரார் கண்ணீர் வடிக்கிறார்கள்: “ஆகா, அந்தக் காலத்துக் கடைவீதி! முகம் பார்த்து வியாபாரம்! முறை சொல்லி அழைத்த அன்பு!” மற்றொரு சாரார் தோளைக் குலுக்குகிறார்கள்: “காலத்தின் கட்டாயம்! யார் தடுக்க முடியும்?” முன்னவர் பழமையைத் தெய்வமாக்குகிறார். பின்னவர் விதிக்குப் புதுப்பெயர் சூட்டுகிறார். இரண்டு பூசைக்கும் நாம் தேங்காய் உடைக்க வேண்டியதில்லை!

முதலில் அந்த அன்பைப் பார்ப்போம். என் பாட்டனார் மிளகையும் பலாவையும் தலைச்சுமையாகச் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அடிவாரத்துச் சந்தைக்குப் போனவர். விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு கடைவீதிக்குள் நுழைவார். துணிக்கடைத் திண்ணைக்குக் கீழே நிற்பார். மேலே ஏற உரிமையில்லை. துணியைத் தொட்டுப் பார்க்க உரிமையில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் குவித்த கைகளில் தூக்கி ஊற்றுவார்கள். முறை சொல்லி அழைத்தார்களாம்! எழுபது வயதுக் கிழவரை ‘வாடா’ என்று அழைப்பதும் ஒரு முறைதான் போலும்!

படிகூட இரண்டு வைத்திருந்தார்கள்: வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. 1956-இல் எடை அளவைகளுக்கான சட்டம் வந்து, 1960களின் தொடக்கத்தில் மெட்ரிக் எடை கட்டாயமான பிறகுதான் ஏமாற்றுவதற்கும் கொஞ்சம் அறிவு தேவைப்பட்டது. உணவு விடுதிப் பலகையிலே சாதியை எழுதி வைத்திருந்த காலமும் இருந்தது. அதை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் 1957-இல் சென்னையில் ஒரு விடுதியின் முன்னே நாள்தவறாமல் மறியல் செய்து, அணி அணியாகச் சிறை சென்றார்கள். பழைய கடைவீதிக்குப் பல்லாண்டு பாடுவோர் அந்தப் பலகையையும் சேர்த்துப் பாடட்டும்!

உண்மையைச் சொல்ல எனக்கு அச்சமில்லை. பொட்டலம் சாதி கேட்பதில்லை. திண்ணைக்குக் கீழே நிற்கச் சொல்வதில்லை. என் மாணவி ஒருத்தி, போட்டித் தேர்வுக்கான நூலை மலையிலிருந்தபடியே வரவழைத்துப் படிக்கிறாள். கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்கக் கூசிய பொருள்களைப் பெண்கள் கூச்சமின்றிப் பெறுகிறார்கள். இவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது பகுத்தறிவாளனுக்கு அழகல்ல.

ஆனால், சாதி கேட்காத அந்தப் பொட்டலம் இன்னொன்றையும் கேட்பதில்லை. “உன்னிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது?” என்று அது கேட்பதேயில்லை!

கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. தேனும் கிழங்கும் கொண்டு சென்றவர்கள், அவற்றை மாற்றி மீன்நெய்யும் நறவும் பெற்றுத் திரும்புகிறார்கள். தேனும் கிழங்கும் மலைக்காட்டின் விளைவு; மீன்நெய் நீர்வளத்தின் விளைவு. கைமாறுதல் என்றால் இரண்டு கையும் அசைய வேண்டும். மதுரையின் நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே சந்தை வைத்திருந்த இனம் இது. அங்கே வாங்க வந்தவன் விற்கவும் வந்தான். திண்ணைக்குக் கீழே நின்ற என் பாட்டனார்கூட, சந்தைத் திடலில் விற்பவராகத்தான் நின்றார். ‘கொல்லி மிளகு’ என்று அவர் சொன்னால், தேடி வந்து முகர்ந்து பார்த்தவர்கள் உண்டு. பேளுக்குறிச்சிச் சந்தை மிளகுக்கும் சீரகத்துக்கும் கடுகுக்கும் இன்றும் பெயர் பெற்றிருக்கிறதென்றால், அந்தப் பெயரில் மலைக்காரனின் வியர்வையும் கலந்திருக்கிறது. நாமக்கல்லுக்கு அருகே ஓர் ஊருக்குப் பெயரே புதன்சந்தை! சந்தைக்காக ஊர் இருந்ததா, ஊருக்காகச் சந்தை இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நாடு இது.

இப்போது நடப்பது என்ன? கைப்பேசித் திரையிலே மலை முழுவதும் வாங்குகிறது. மலையின் விளைபொருளோ பழைய தரகரின் கையில்தான் இன்னும் கிடக்கிறது. வாங்கும் பாதை மின்னல் வேகத்தில் மாறிவிட்டது. விற்கும் பாதை பாட்டனார் காலத்திலிருந்து பத்தடிகூட நகரவில்லை. மரத்தில் பழம் காய்க்கும் முன்பே முன்பணம் கொடுத்தவர் குறித்ததுதான் விலை. மரவள்ளியைப் பாருங்கள்! சாமையும் தினையும் ஆண்ட மண்ணில் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அது கால் ஊன்றிப் பரவியது. கிழங்கு சேலம், நாமக்கல் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் தங்களுக்கென்று சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பைச் சேலத்தில் 1981-இலேயே கண்டுவிட்டார்கள். நன்று! ஆலை வைத்திருப்பவர் ஒன்று கூடினால் விலை நிற்கிறது. கிழங்கு தோண்டுகிறவர் தனித்தனியே நின்றால் என்ன நிற்கும்? தினையை விட்டோம், கிழங்கை நட்டோம், 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அவை கொண்டாடியபோது, அந்தச் சிறுதானியத்தையே பொட்டலத்தில் வாங்கித் தின்றோம்!

அடுத்து, ‘காலத்தின் கட்டாயம்’ என்போருக்கு வருகிறேன். காலத்துக்குக் கையுண்டா, காலுண்டா, வங்கியில் கணக்குண்டா? 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட், ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்கை 1,600 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. அது காலம் கொடுத்த பணமா? 2012-இல் பலபொருள் சில்லறை வாணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை ஒன்றிய அரசு அனுமதித்தபோது நாடே கொதித்தது. தமிழ்நாட்டு அரசு ஏற்க மறுத்தது. முன்வாயில் அடைக்கப்பட்டது! ஆனால் கொல்லைப்புறம்? வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் வெறும் ‘சந்தைத் தளம்’ என்று சொல்லிக்கொண்டால், இணைய வணிகத்தில் நூற்றுக்கு நூறு அந்நிய முதலீடு வரலாம் என்று 2016-இல் விதி எழுதப்பட்டது. தளம் நடத்துகிறவர் தமக்கு வேண்டிய விற்பனையாளருக்கே சலுகை காட்டுகிறார் என்ற முறையீட்டின் பேரில், 2020 சனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. சந்தைத் தளமாம்! என் பாட்டனார் அறிந்த சந்தையிலே திடலின் சொந்தக்காரன் சுங்கம்தான் வாங்கினான். எந்தக் கூடைக்கு முன்னே கூட்டம் நிற்க வேண்டும் என்று அவன் முடிவு செய்யவில்லை.

பிரான்சு நாட்டுக்கு வாருங்கள். அங்கும் இதே காலம்தான் ஓடுகிறது. இதே கைப்பேசிதான் ஒலிக்கிறது. 1981-இலே ஒரு சட்டம் செய்தார்கள்: அச்சிட்ட விலையிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எவரும் புத்தகத்துக்குத் தள்ளுபடி தரக்கூடாது. பெருங்கடையும் சிறுகடையும் ஒரே விலை! இணையம் வந்தது; புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பும் கூலியை ஒன்றுமில்லாததாக்கிச் சட்டத்தைச் சுற்றி வந்தார்கள். அதற்கும் விடை எழுதினார்கள். 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக அனுப்புதலுக்குக் குறைந்தது 3 யூரோ கூலி வாங்கியே ஆகவேண்டும். காலத்தின் கட்டாயம் அங்கே சட்டத்தின் முன்னே கைகட்டி நிற்கிறது. இங்கே மட்டும் ஏன் நம் தலைமீது ஏறி நிற்கிறது?

தமிழ்நாடும் செய்து காட்டியதுதான். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் திறந்து வைத்தார். தரகர் இல்லை, காலையிலே விலை எழுதிய பலகை, தராசு அரசினுடையது, காய்கறி மூட்டைக்குப் பேருந்திலே கூலி இல்லை. சுமை தூக்கி வந்த பெண், பலகையில் எழுதிய விலையைத் தானே வாங்கினாள். ஆட்சி மாறியதும் அது வாடவிடப்பட்டது. பிறகு மீண்டும் தழைத்தது. விதி செய்த வாட்டமா அது? கோப்பிலே கையெழுத்திட்டவர் செய்தது. தழைத்ததும் அவ்வாறே!

அதை மலைக்கு ஏற்றுங்கள் என்கிறேன். சோளக்காட்டிலே வாழையும் பலாவும் அன்னாசியும் குவிகின்ற சந்தையைச் சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்துச் செல்கிறார்கள். படம் போதாது. மிளகைக் காயவைத்துச் சேர்த்து வைக்க ஒரு கிடங்கு, பொதுத்தராசு, கீழ்ச்சந்தை விலையை அன்றன்று எழுதும் பலகை, இறங்குகிற பேருந்திலே மூட்டைக்கு இடம் — இவை இருந்தால், முன்பணம் கொடுத்தவரைப் பார்த்து “நாளைக்கு வாரும்” என்று சொல்லும் துணிவு உழவனுக்கு வரும். காத்திருக்க முடிந்தவன்தான் விலை பேச முடியும். பழங்குடி மக்களுக்குக் கடன் தரவும் அவர்கள் விளைபொருளை வாங்கவும் என்றே, லேம்ப்ஸ் எனப்படும் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களில் உருவாக்கப்பட்டன. அந்தப் பெயர்ப்பலகையின் முன்னே போய் நின்று, “வாங்குங்கள்! எங்கள் மிளகை நீங்கள் வாங்குங்கள்!” என்று கேட்க வேண்டிய கூட்டம் எங்கே? பொட்டலம் வந்துவிட்டதா என்று திரையைத் தேய்த்துக் கொண்டிருக்கிறதா?

கடைவீதி வணிகர்களுக்கும் ஒரு சொல். இன்று நீங்கள் கடையடைப்பு நடத்துகிறீர்கள், ‘சுதேசி’ என்று முழங்குகிறீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாங்களும் உடன் நிற்போம். ஆனால், திண்ணைக்குக் கீழே நின்றவனின் பேரன்தான் இன்று பொட்டலம் வாங்குகிறான் என்பதை மறந்து விடாதீர்கள். அவன் வசதிக்காக மட்டும் உங்களை விட்டுப் போகவில்லை. அவனைத் திரும்ப அழைக்க வேண்டுமானால், தள்ளுபடிக்கு முன்னே தர வேண்டியது வேறொன்று இருக்கிறது. அவனுடைய மூட்டைக்கும் உங்கள் கடையிலே ஓர் இடம் கொடுங்கள்!

சிலப்பதிகாரத்துப் புகார் நகரில், நாளங்காடியில் ஒரு காவற்பூதம் இருந்தது; அதற்குப் பொங்கலும் பூவும் படைத்துத் துணங்கை ஆடினார்கள். புலவனின் கற்பனை என்று நாம் அதைக் கடந்து வந்துவிட்டோம். சென்ற கிழமை எட்டாம் வகுப்பில் இலாப நட்டக் கணக்கு. கீழே மிளகு என்ன விலை என்று கேட்டேன். ஒரு பையன் கைப்பேசியில் தான் பார்த்து வந்த விலையைச் சொன்னான், கரும்பலகையில் எழுதினேன். உன் வீட்டில் என்ன விலைக்கு விற்றார்கள் என்றேன். அதையும் சொன்னான், கீழே எழுதினேன். கழித்துப் பார்த்தார்கள். வகுப்பு அமைதியாயிற்று. “மிச்சம் யாருக்குப் போகிறது, ஐயா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள். மணி அடித்துவிட்டது. அந்தக் கணக்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் அவர்களைச் சோளக்காட்டுச் சந்தைக்கு அழைத்துப் போகிறேன். ஆளுக்கொரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.