கருவி தயார், கம்பெனி தயாரா?

‘நாங்களும் செயற்கை நுண்ணறிவுக்கு மாறிவிட்டோம்’ என்று சொல்வது இன்று நிறுவனங்களுக்கு ஒரு கௌரவமாகிவிட்டது. விமான நிறுவனம் முதல் கடைவீதி ஜவுளிக்கடை வரை இந்தப் பேச்சு வந்துவிட்டது. மென்பொருள் விற்க வருபவர் கருவியின் திறமையைச் சொல்வார். வாங்கும் நிறுவனம் அதற்குத் தயாராக இருக்கிறதா என்பதை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும். ஏற்கனவே சூடுபட்ட பெரிய நிறுவனங்களின் அனுபவம் அதற்கு உதவும்.

முதலாவது, கணக்கும் தரவும் ஒழுங்காக உள்ளனவா? வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அமேசான் நிறுவனம் 2014 முதல் ஒரு கருவியை உருவாக்கி வந்தது. முந்தைய 10 ஆண்டு விண்ணப்பங்களே அதற்குப் பாடம். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே ‘பெண்கள்’ என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது. திட்டம் கைவிடப்பட்ட செய்தியை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பெண்களை ஒதுக்கும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லை. பழைய பதிவுகளில் இருந்த கோணலை அப்படியே கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். சரக்கு இருப்பு ஒரு நோட்டிலும், கடன் பாக்கி முதலாளியின் மனதிலும், வாடிக்கையாளர் எண்கள் ஊழியரின் செல்போனிலும் இருக்கும் கடைக்கு முதலில் தேவை ஒழுங்கான கணக்குதான்.

இரண்டாவது, நஷ்டத்துக்கு எல்லை வகுத்திருக்கிறோமா? அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் கணினியின் விலைக் கணிப்பைப் பெரிதும் நம்பி வீடுகளை வாங்கி விற்றது. கணிப்பு பொய்த்தது. 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. ஒரே காலாண்டில், கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. ஊழியர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு வேலை போனது. சிறிய அளவில் சோதித்து, இவ்வளவு இழந்தால் நிறுத்திவிடுவோம் என்று முன்பே முடிவு செய்வதே விவேகம். பங்காளிகளின் முதலையும் கடன் வாங்கிய பணத்தையும் வைத்து நடக்கும் குடும்பத் தொழில்களுக்கு இது இன்னும் அவசியம்.

மூன்றாவது, ரகசியம் காக்க விதிமுறை இருக்கிறதா? சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் பதிவிட்டதை அடுத்து, 2023இல் அந்நிறுவனம் ஊழியர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் ஊர் டிராவல்ஸ் ஒன்றில் இருக்கும் பாஸ்போர்ட் நகல்களை எண்ணிப் பாருங்கள். அவை வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த அமானிதம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

நான்காவதுதான் மிக முக்கியமானது. கருவி தவறினால் பதில் சொல்வது யார்? பாட்டியை இழந்த ஒரு பயணிக்கு, துக்கப் பயணச் சலுகையைப் பிறகு கோரிப் பெறலாம் என்று ஏர் கனடாவின் இணையதள சாட்பாட் தவறாகச் சொன்னது. அவர் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. சாட்பாட்டின் செயலுக்கு அதுவே பொறுப்பு என்று வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்து, பயணிக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொகை சுமார் 650 கனடிய டாலர்தான். ஆனால் கடை நம்முடையது என்றால் அங்கே பேசும் வாயும் நம்முடையதுதான் என்பது அதில் உறுதியானது.

இந்த நான்கையும் கேட்டுவிட்டு, பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் எழுதி வைத்தால்தான் ஒரு நிறுவனம் தயார் என்று நாம் கூற முடியும். கருவி வந்ததும் பழைய கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பத் துடிப்பவர்கள் சற்று நிதானிக்கட்டும். அது காட்டும் தொகை தவறு என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கக் கூடியவர் அவர்தான். அவருக்கு அந்தக் கருவியைக் கற்றுக்கொடுத்து அருகில் அமர்த்துவதே லாபம். நம் பிள்ளைகளும் கருவியை இயக்கக் கற்பதோடு, அதன் விடையைச் சரிபார்க்கும் தொழிலறிவையும் சேர்த்துக் கற்கட்டும்.