0 டெசிபலா? 6 டெசிபலா? - ஒரு புலம்பல்

ரெண்டு வாரமா மனசுல கிடந்து உறுத்துற விஷயம் மக்களே, இறக்கி வச்சிடறேன். சர்க்யூட்டுன்னாலே ஓடிப்போறவங்களும் கொஞ்சம் நில்லுங்க, கணக்கு வகுத்தல் அளவுக்குத்தான்.

பெரம்பலூருக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் கிடையாதே, அதனால அரியலூர் போய் ரயிலேற அக்கா பையனோட பஸ்ல கிளம்பினேன். சிமெண்ட் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்துக்கிட்டே பையன் கதையை ஆரம்பிச்சான். ஈசிஇ கடைசி வருஷம். புராஜெக்ட், ஆன்டெனாவுக்கு அடுத்து வைக்கிற ஒரு பஃபர். வோல்டேஜைப் பெருக்காது, வந்ததை அப்படியே கொடுக்கும். சிமுலேஷன்ல ஏசி அனாலிசிஸ் ஓட்டினா கெயின் 0 டெசிபல். எஸ் பாராமீட்டர் ஓட்டினா எஸ்21, 6 டெசிபல். நேர்மையா ரெண்டையும் ரிப்போர்ட்ல போட்டிருக்கான். ரெவ்யூ பண்ணின வாத்தியார், "ஆர்எஃப்ல வோல்டேஜ் கெயின்னு ஒண்ணு கிடையாது, 0 தப்பு, எடுத்துடு"ன்னு சொல்லி மார்க்கையும் குறைச்சுட்டாராம்.

"எது மாமா சரி?"

ரெண்டுமே சரிடா!

1 வோல்ட் சோர்ஸ், அதுக்குள்ள 50 ஓம். பஃபரோட உள்வாசல் கரண்டே இழுக்காது, அதனால முழு 1 வோல்ட்டும் அங்க வந்துடுது. வெளியே 50 ஓம் லோடுலயும் 1 வோல்ட். ஒண்ணை ஒண்ணால வகுத்தா ஒண்ணு, அதாவது 0 டெசிபல். எஸ்21 கேக்கற கேள்வியே வேற. பஃபர் இல்லாம அதே லோடை சோர்ஸுல நேரா மாட்டியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? பாதி, 0.5 வோல்ட். இப்ப கிடைக்கிறது 1. ரெண்டு மடங்கு, 6 டெசிபல். பவர்ல பார்த்தா 5 மில்லிவாட் 20 ஆகியிருக்கு. பஃபர் சும்மா இருக்கலைங்க, வேலை செஞ்சிருக்கு.

சந்தேகமா? உள்வாசல்ல ஒரு 50 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு மறுபடி ஓட்டுங்க. ரெண்டு எண்ணும் 0-ல வந்து நிக்கும். அந்த 50 ஓம் லோடு இருக்கிற வரைக்கும் வோல்டேஜ் கெயின்ங்கறது எஸ்21-ஐ (1 + எஸ்11)-ஆல வகுத்தது, அவ்வளவுதான். எஸ்11 ஒண்ணா இருந்தா பாதி, பூஜ்யமா இருந்தா ரெண்டும் ஒண்ணு. இந்த ஒரு வரியை போர்டுல எழுத ரெண்டு நிமிஷம் ஆகுமா?

எஸ் பாராமீட்டரை நான் குறை சொல்லலை. அதிர்வெண் ஏற ஏற, சுத்தமான ஓப்பன், ஷார்ட் வச்சு அளக்கறது பெரும்பாடு. ஷார்ட் பண்ணினா சில ஆம்ப்ளிஃபயர் கத்தவே ஆரம்பிச்சுடும். அலை எவ்வளவு போச்சு, எவ்வளவு திரும்புச்சுன்னு பார்க்கறதுதான் அங்க புத்திசாலித்தனம். 1965-ல குரோகாவா பவர் அலைகளை வச்சு எழுதின கட்டுரை இன்னிக்கும் படிக்க வேண்டியது. ஆனா ரிசீவர் சிப்புக்குள்ள எல்என்ஏ போய் மிக்ஸரோட கேட்டுல முட்டுது. அங்க 50 ஓம் எங்க இருக்கு? அங்க வோல்டேஜ் கெயின்தான் பேசும்.

எங்க ஊர் கேபிள்காரர் கையில இருக்கிற மீட்டர் டிபி மைக்ரோவோல்ட்லதான் காட்டும். அதுவும் ஆர்எஃப்தானே சாமி? 75 ஓம்னு ஊருக்கே தெரியும், அதனால குழப்பம் வரலை. 0 டிபிஎம்ங்கறது 50 ஓம்ல 107 டிபி மைக்ரோவோல்ட், 75 ஓம்ல 108.75. ஓமைச் சொல்லாத டெசிபல், எல்லை சொல்லாத ஜில்லா மாதிரி. அரியலூரை 2001-ல பிரிச்சாங்க, 2002-ல சேர்த்தாங்க, 2007-ல மறுபடி பிரிச்சாங்க. மண்ணு நகரவே இல்லை, பெரம்பலூர் ஜில்லாவோட பரப்பளவு மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு.

வாத்தியாருக்குத் தெரியாததுல எனக்குக் கோபமில்லை. சரியான ரிசல்ட்டைக் கிழிக்கச் சொன்னாரே, அதுதான் ஆறலை. அடுத்த தடவை ரெண்டு எண் முரண்பட்டா, ஏன்னு கேட்காம ஒண்ணை ஒளிச்சு வைக்கத்தானே இவன் கத்துக்கிட்டான்?

அந்தப் பக்கத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லியிருக்கேன், ரெசிஸ்டர் போட்ட மூணாவது கிராஃபோட. வைவா அடுத்த வாரம்.

டிஸ்கி: "மாமா, மார்க் போச்சுன்னா நீங்கதான் அம்மாகிட்ட பேசணும்"ங்கறான். எங்க அக்காவுக்கு எஸ்21 எல்லாம் செல்லாது மக்களே :-(